கிளட்ச் போகட்டும், கால் டன் எதற்கு?

2009 நவம்பரில் டி.வி.எஸ். நிறுவனம் 'ஜைவ்' என்றொரு மோட்டார்சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 110 சிசி, பார்க்க எல்லா வண்டியையும் போலத்தான். ஆனால் இடது கைப்பிடியில் கிளட்ச் லீவர் இருக்காது. காலால் கியரை மிதித்தால் போதும், மிச்சத்தை இன்ஜின் பார்த்துக்கொள்ளும். நெரிசலில் கை கடுக்கக் கடுக்க வண்டி ஓட்டுகிறவர்கள் ஓடிவந்து வாங்குவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. கிளட்ச் வேண்டாம் என்றவர்கள் நேராக ஸ்கூட்டருக்குப் போனார்கள். மோட்டார்சைக்கிள்தான் வேண்டும் என்றவர்கள் கிளட்ச் இல்லாததை ஒரு குறையாகப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் ஜைவ் கடைகளிலிருந்து மறைந்தது.

அந்த ஆசை இப்போது வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது. தாழ்ந்த இருக்கை, அகன்ற ஹேண்டில்பார், முன்னால் நீட்டி வைக்கும் கால்கள், பெரிய இன்ஜின், அதோடு கியர் தானாக விழ வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் ஹோண்டா ரெபெல் 1100-ஐயும் கோல்டு விங்கையும் பார்த்துவிட்டு, "நாமும் ஒன்று எடுத்தால் என்ன?" என்று கேட்கும் நடுவயதுக்காரர்கள் சென்னையின் மேற்குப் புறநகரில் நிறைய. நாற்பதைத் தாண்டியவர்கள், மாதத் தவணை கட்டும் தெம்பு உள்ளவர்கள், மணிக்கட்டும் முட்டியும் லேசாக முனகத் தொடங்கியவர்கள். அவர்களுடைய ஆசையில் ஒரு பாதி நியாயமானது, மறுபாதி வீண் செலவு. சிக்கல் என்னவென்றால், சந்தை இந்த இரண்டு பாதியையும் ஒன்றாகக் கட்டித்தான் விற்கிறது.

அந்தப் புறநகரில் உள்ள வேப்பம்பட்டை எடுத்துக்கொள்வோம். மனை விலை கட்டுப்படியானதால் இங்கே வந்து வீடு கட்டியவர்களில் பலருக்கு வேலை வேறெங்கோ. சென்ட்ரல் பக்கமோ அம்பத்தூரோ என்றால் மின்சார ரயில் இருக்கிறது. மாத சீசன் சில நூறு ரூபாய்தான், அதற்கு ஈடாக எந்த வண்டியும் வராது. ஆனால் ஆலைகள் இருக்கும் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இந்த ரயில் போகாது. ஷிப்ட் முடிந்து இரவு வீடு திரும்புகிறவருக்கு ரயில் நேரமும் ஒத்துவராது. கம்பெனி பஸ் இல்லாதவர்களுக்குச் சொந்த வண்டிதான் வழி.

வீட்டு வாசலிலிருந்து இரண்டு சாலைகள் பிரிகின்றன. இரண்டின் குணமும் ஏழாம் பொருத்தம். ஒன்று சி.டி.எச். ரோடு, அதாவது சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை. திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் வழியாகப் பாடி வரை போகிறது. பெயரளவில் நெடுஞ்சாலை. பள்ளி வேன், ஷேர் ஆட்டோ, சாலையோரக் காய்கறிக் கடை, வெள்ளை வண்ணம் அழிந்துபோன வேகத்தடை எல்லாம் அதில் உண்டு. 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்த பிறகு, காலை நேரத்தில் கூட்டம் குறையும் என்று எதிர்பார்க்கக் காரணமே இல்லை. மற்றொன்று வெளிவட்டச் சாலை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், ஆறு வழி. வேப்பம்பட்டுக்காரர் நெமிலிச்சேரியில் ஏறினால் பூந்தமல்லிப் பக்கம் இறங்கி ஸ்ரீபெரும்புதூருக்குப் போகலாம். சுமார் 30 கிலோமீட்டர் ஓட்டி வண்டலூரில் இறங்கி ஒரகடத்துக்குத் திரும்பலாம். குரூசர் கனவு பிறப்பது இந்தச் சாலையில்தான். நேரான சாலை, அகலமான சாலை, விடியற்காலையில் காற்று முகத்தில் அடிக்கும். ஆனால் அந்தச் சாலையைத் தொட முதலில் சி.டி.எச். ரோட்டைக் கடந்தாக வேண்டும். வண்டி வாங்குகிறவர் கணக்குப் போடும்போது பெரும்பாலும் விட்டுப்போவது இந்தப் பகுதி.

முதலில் கனத்தைப் பார்ப்போம். இந்தியாவில் பெரிய குரூசர் என்றதும் நினைவுக்கு வருவது ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650. 2023 ஜனவரியில் 3.49 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் தொடங்கியது. 648 சிசி, இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன். நல்ல வண்டி, அதில் சந்தேகமில்லை. இன்ஜின் பட்டுப்போல ஓடும். எடை 241 கிலோ. ஆள் ஏறி உட்காரும் முன்பே கிட்டத்தட்ட கால் டன் வந்துவிட்டது. இருக்கை உயரம் 740 மில்லிமீட்டர்தான் என்பதால் குள்ளமானவருக்கும் இரண்டு காலும் தரையில் பதியும். அந்த வசதியை மறுக்க முடியாது. தரையிலிருந்து வண்டியின் அடிவயிறு வரை உள்ள இடைவெளியோ 135 மில்லிமீட்டர். நம் ஊர் வேகத்தடை எந்த அளவுகோலுக்கும் கட்டுப்பட்டுப் போடப்படுவதில்லை. பின்னால் மனைவியையும் உட்கார வைத்துக்கொண்டு அதில் ஏறி இறங்கும்போது அடியில் 'கர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டால், நாலு லட்சத்தில் எவ்வளவு உரசிப் போயிற்று என்றுதான் மனம் கணக்குப் போடும்.

குரூசரில் உட்காரும் விதத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. சாதாரண மோட்டார்சைக்கிளில் பாதங்கள் இடுப்புக்குக் கீழே ஃபுட்ரெஸ்டில் இருக்கும். பள்ளம் வந்தால் லேசாக எழும்பி முட்டியால் அடியை வாங்கிக்கொள்ளலாம். குரூசரில் கால் முன்னால் நீண்டிருப்பதால் எழும்ப முடியாது. பள்ளத்தின் அடி நேராக வால் எலும்புக்குப் போய் முதுகுத்தண்டில் ஏறும். அமெரிக்காவின் நீண்ட, வழவழப்பான நெடுஞ்சாலைகளுக்காக உருவான உட்காரும் முறை அது. மழைக்காலத்துச் சி.டி.எச். ரோட்டில் தினமும் போய்வருகிறவருக்கு அது ஓய்வு தராது. முதுகுவலிக்காகக் குரூசர் வாங்குவதாகச் சொல்கிறவர்கள், வாங்குமுன் ஒரு மழை வாரத்தில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இவ்வளவு இன்ஜின் எதற்கு என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் வரும்: "ஹைவேயில் போகணும் சார்." ஹைவேயில் எவ்வளவு வேகத்தில்? 2018-ல் மத்திய அரசு அறிவித்த உச்ச வரம்புப்படி, நடுவே தடுப்புள்ள நான்குவழிச் சாலையானாலும் இருசக்கர வண்டிக்கு மணிக்கு 80 கிலோமீட்டர்தான். சென்னை மாநகரப் போக்குவரத்துப் போலீஸ் 2023 நவம்பரில் நகருக்குள் இருசக்கர வண்டிக்கு 50 என்று வரையறுத்தது. அதே ராயல் என்ஃபீல்டின் 349 சிசி மீட்டியார் 350 அந்த எண்பதில் மூச்சு வாங்காமல் ஓடும். 650-க்கு எண்பது என்பது சோம்பல் முறிக்கிற வேகம். மிச்சமிருக்கும் திறனைப் பயன்படுத்த வேண்டுமானால் சட்டத்தை மீற வேண்டும்; மீறாவிட்டால் கொடுத்த பணத்துக்குப் பலன் இல்லை.

இன்னும் வேடிக்கை, பெரிய வண்டி உண்மையில் பொருந்தக்கூடிய சாலைகளின் கதவு அதற்குச் சாத்தப்படுகிறது. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வண்டிகளுக்குத் தடை. வேகமாகப் போகும் கார்களுக்கு நடுவே மெதுவான வண்டிகள் ஆபத்து என்பது காரணம். அந்தத் தடை நூறு சிசி வண்டிக்கும் நாற்பது லட்ச ரூபாய் கோல்டு விங்குக்கும் ஒன்றுதான். சென்னை–பெங்களூரு விரைவுச்சாலையும் அதே பாணியில், நினைத்த இடத்தில் ஏறி இறங்க முடியாதபடி கட்டப்படுகிறது. தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் இருசக்கர வண்டிக்குக் காசு கேட்பதில்லை. காசும் வேண்டாம், உள்ளேயும் வர வேண்டாம் என்ற நிலைக்குத்தான் புதிய சாலைகள் போய்க்கொண்டிருக்கின்றன.

சரி, ஆசையின் நியாயமான பாதிக்கு வருவோம்.

திருநின்றவூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரை காலை எட்டரை மணிக்குக் கியர் வண்டி ஓட்டிய யாருக்கும் கிளட்ச் ஏன் எரிச்சல் தருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. முதல் கியர், இரண்டாம் கியர், பிரேக், கிளட்ச், நியூட்ரல், மறுபடி முதல் கியர். ஒவ்வொரு பத்தடிக்கும் இடது கை நான்கு விரலை மடக்கி விரிக்கிறது. இன்ஜின் பெரிதாகப் பெரிதாகக் கிளட்ச் ஸ்பிரிங்கும் பொதுவாகக் கனக்கும். ஐம்பது வயதில் மணிக்கட்டு மரத்துப்போகிறது என்று டாக்டரிடம் போகிறவருக்கும், இடது காலில் அடிபட்டுக் கணுக்காலை மடக்கச் சிரமப்படுகிறவருக்கும் தானியங்கி வண்டியை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. அது அவர்களைத் தொடர்ந்து வண்டி ஓட்ட வைக்கும் ஏற்பாடு.

இதில் புதுமை என்று பெரிதாக ஒன்றுமில்லை. 1980-ல் வந்த டி.வி.எஸ். 50 தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கிளட்ச் இல்லாமல் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. நெல் மூட்டையும் பால் கேனும் சுமந்த, அதன் வழிவந்த எக்ஸ்.எல்.லை யாரும் குறைவாக மதிப்பிட்டதில்லை. ஜப்பானின் ஹோண்டா 1976-லேயே 750 சிசி வண்டியில் கிளட்சுக்குப் பதில் டார்க் கன்வர்ட்டர் பொருத்தி விற்றுப் பார்த்தது. 2010-ல் அதே நிறுவனம் வி.எஃப்.ஆர். 1200 வண்டியில் இரட்டை கிளட்ச் முறையைக் கொண்டுவந்தது. டி.சி.டி. என்று இப்போது எல்லோரும் சொல்வது அதைத்தான். ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய கியர்களுக்கு ஒரு கிளட்ச்; இரண்டு, நான்கு, ஆறுக்கு இன்னொன்று. வண்டி இரண்டில் ஓடும்போதே மூன்று தயாராக நிற்கும். எண்ணெய் அழுத்தத்தால் ஒரு கிளட்ச் விடுபடும் அதே நொடியில் மற்றது பிடிக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவரின் ஹெல்மெட் முன்னால் வந்து இடிக்காது. ஸ்கூட்டரின் பெல்ட் முறையிலிருந்து இது வேறுபட்டது. பெல்ட்டில் கியர் என்பதே இல்லை, டி.சி.டி.யில் நிஜ கியர்கள் உண்டு. அதனால் நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிள் ஓட்டுகிற உணர்வு கெடுவதில்லை.

குறையும் உண்டு. ரெபெல் 1100-ல் டி.சி.டி. பொருத்தினால் பத்து கிலோ கூடுகிறது. நெரிசலில் யு-டர்ன் போடும்போது கிளட்சை அரைகுறையாகப் பிடித்து வண்டியை ஊர்ந்து நகர்த்தும் பழக்கம் இங்கே உதவாது. பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஆக்ஸிலரேட்டரைக் கொடுக்கப் பழக வேண்டும். நிறுத்தும்போது கியரில் போட்டு வைக்க முடியாது என்பதால் தனியாகக் கைப்பிரேக் இருக்கும். இன்ஜின் ஓடி, கியரும் விழுந்திருக்கும்போது பக்கத்தில் நின்று தள்ளுகிறவர், தெரியாமல் ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் வண்டி அவரை இழுத்துக்கொண்டு போய்விடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சாவியைக் கவனமாக வைக்க வேண்டியது கட்டாயம்.

இந்தியாவில் இந்த வசதியோடு என்ன கிடைக்கிறது? 2017-ல் ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் டி.சி.டி.யோடு மட்டுமே இங்கு வந்தது, விலை சுமார் 13 லட்சம். கோல்டு விங்கில் ஏழு கியர் டி.சி.டி. இருக்கிறது. பின்னோக்கி நகரவும் வசதி உண்டு. எடை 390 கிலோ, விலை 40 லட்சத்துக்கு மேல். வேப்பம்பட்டில் அந்த விலைக்கு வீடே முடித்துவிடலாம். 2025 மே மாதம் எக்ஸ்-ஏ.டி.வி. என்ற பெரிய ஸ்கூட்டர் 11.90 லட்சத்துக்கு வந்தது. அதே மாதம் சி.பி. 650 ஆர் வண்டியில் 'இ-கிளட்ச்' முறை 9.60 லட்சத்துக்கு வந்தது. இதில் லீவர் இருக்கும், ஆனால் தொட வேண்டியதில்லை. சின்ன மோட்டார்கள் கிளட்சை இயக்கும், கியரை மட்டும் காலால் மாற்ற வேண்டும். ஜைவ் வைத்திருந்தவர்களுக்கு இது எங்கேயோ பார்த்த முகமாகத் தோன்றும். ரெபெல் 500 குரூசரும் அதே 2025 மே மாதம் 5.12 லட்சத்துக்கு வந்தது, ஆனால் அதில் பழைய கிளட்ச்தான். சூப்பர் மீட்டியாரிலும் அப்படியே. ஆக, பெட்ரோல் வண்டியைக் கிளட்சைத் தொடாமல் ஓட்ட வேண்டுமானால் ஒன்று ஸ்கூட்டர், இல்லையென்றால் பத்து லட்சத்தை ஒட்டியோ அதைத் தாண்டியோ. நடுவில் பெரிய பள்ளம்.

அந்தப் பள்ளத்தை வரி இன்னும் ஆழமாக்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்குச் செஸ்ஸும் சேர்த்து 31 சதவீதமாக இருந்தது 40 ஆனது. முன்பு இரண்டுக்கும் இடையே மூன்று சதவீத வித்தியாசம், இப்போது இருபத்திரண்டு. வரிக்கு முன் மூன்று லட்சம் விலையுள்ள இரண்டு வண்டிகளை அருகருகே நிறுத்தினால், ஒன்றுக்கு 54,000 வரி, இன்னொன்றுக்கு 1,20,000. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு ஆயுட்கால வரி 12 சதவீதம் தனியாகக் கட்ட வேண்டும். இன்ஜினின் கொள்ளளவை வைத்து ஆடம்பரத்தை அளக்கும் முறை சரியா என்று விவாதிக்கலாம். 440 சிசி ஹார்லி எக்ஸ் 440 இரண்டே கால் லட்சத்தில் அறிமுகமான வண்டி, அதையும் கோல்டு விங்கையும் ஒரே தட்டில் வைப்பது அபத்தம்தான். ஆனால் வாங்குகிறவர் அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது. கோடு 350-ல் இருக்கிறது, அதற்கு இந்தப் பக்கம் நிற்பது லாபம்.

பெட்ரோல் செலவும் சின்னதில்லை. நாளுக்கு 80 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 2,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் தரும் 650-க்கு 80 லிட்டர். சென்னை விலையில் எட்டாயிரத்துக்கு மேல். 35 தரும் 350-க்கு ஆறாயிரத்துக்குள் முடியும். ஐந்து வருடத்தில் இந்த வித்தியாசம் மட்டும் ஒரு லட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்டும். மே மாதத்து அம்பத்தூர் சிக்னலில் இரட்டை சிலிண்டர் இன்ஜின் தொடையில் விடும் அனலுக்கு யாரும் விலை போடவில்லை.

அப்படியானால் இன்று எதை எடுப்பது? வெளிவட்டச் சாலையும் நெரிசலும் கலந்த பயணத்துக்கு, கிளட்சைச் சகித்துக்கொள்ள முடிந்தால், மீட்டியார் 350 வகை வண்டி போதும். 19 அங்குல முன் சக்கரம், 15 லிட்டர் டேங்க், இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ்.; 2025-ல் புதுப்பித்தபோது இலகுவாகப் பிடிக்கக்கூடிய கிளட்சும் வந்தது. எடை 191 கிலோ, அதுவே நம் தெருவுக்குக் கொஞ்சம் அதிகம்தான். கை முடியவே முடியாது என்கிறவர்களுக்கு யமஹா ஏராக்ஸ் 155 போன்ற பெரிய ஸ்கூட்டர். 14 அங்குலச் சக்கரம் என்பதால் பள்ளங்களைச் சாதாரண ஸ்கூட்டரைவிட நன்றாகத் தாங்கும், எண்பதில் நடுங்காது. டேங்க் ஐந்தரை லிட்டர்தான் என்பதால் பங்க்குக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். சென்னையிலேயே உருவான ரேப்டீ நிறுவனம் 2024 அக்டோபரில் டி30 மின்சார மோட்டார்சைக்கிளை 2.39 லட்சத்துக்கு அறிமுகம் செய்தது. காருக்கான சார்ஜரிலேயே சார்ஜ் போடலாம். மின்சார வண்டியில் கிளட்சும் இல்லை, கியரும் இல்லை, ஜி.எஸ்.டி. 5 சதவீதம். புதிய நிறுவனத்தின் வண்டி என்பதால் சர்வீஸ் வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுத்தான் முன்பணம் கட்ட வேண்டும்.

இவற்றில் எதுவும் குரூசர் ஆசைக்காரரை முழுதாகத் திருப்திப்படுத்தாது என்பது தெரிந்ததே. அவருக்குப் பொருந்தும் வண்டி உலகத்தில் இருக்கிறது, இங்கேதான் இல்லை. ஹோண்டா 2025 மார்ச்சில் ஜப்பானில் ரெபெல் 250 குரூசரை இ-கிளட்ச்சோடு விற்கத் தொடங்கியது. தாழ்ந்த இருக்கை, நிதானமான இன்ஜின், கிளட்சைத் தொட வேண்டாம், 350 சிசிக்குள். இங்கே தயாரித்து விற்றால் 18 சதவீத வரிக்குள் வரும். பெரிய இன்ஜினோடு மட்டும் ஒட்டிக்கிடந்த வசதியை அதிலிருந்து பிரித்துச் சின்ன வண்டியில் பொருத்த முடியும் என்பதற்கு அது சாட்சி. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் ஓடுகின்றன. யமஹாவும் வல்லம் வடகாலில் இருக்கிறது. வெளிவட்டச் சாலையில் தினமும் கிளட்சைப் பிடித்தபடி வேலைக்குப் போகிறவர்களில் சிலர் வண்டி செய்யும் ஆலைக்கே போகிறவர்கள். இன்னொரு 650-ஐ வரைவதற்கு முன், தானாகக் கிளட்ச் பிடிக்கும் ஒரு 350-ஐ வரைந்து பார்க்கலாம்.

"விற்காது, ஜைவ் என்ன ஆயிற்று பார்த்தீர்களா?" என்று விற்பனைப் பிரிவு சொல்லும். 2009-ம் இன்றும் ஒன்றல்ல. அப்போது கியர் இல்லாத வண்டியைப் பெண்களுக்கானது என்று ஒதுக்கிய ஆண்களே இப்போது ஆக்டிவாவில் ஆபீஸ் போகிறார்கள். ஆட்டோமேட்டிக் கார் வாங்குவது அந்தஸ்தாகவே ஆகிவிட்டது. பழக்கம் மாறாது என்பதும் சரியில்லை. திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டில் நெடுங்காலம் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அது இடம் மாறியபோது கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு எல்லோரும் பழகிக்கொண்டார்கள்.

ஆட்டோமேட்டிக்கால் விபத்து குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. வெளிவட்டச் சாலையில் இரவில் விளக்குப் போடாமல் ஓரங்கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிக்கு முன்னால் டி.சி.டி.யும் ஒன்றுதான், கிளட்சும் ஒன்றுதான். அங்கே உதவுவது இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ்., தூரத்தில் வெளிச்சம் விழும் முகப்பு விளக்கு, தாடையை மூடும் ஹெல்மெட், வண்டியைச் சட்டென்று ஒடிக்க இடம் கொடுக்கும் எடை. கடைசியாகச் சொன்னது 241 கிலோவில் கடினம்.

எதை எடுப்பதானாலும் ஷோரூமில் ஒன்று கேட்டு வாங்க வேண்டும். டெஸ்ட் ரைடு என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை, காலியான சர்வீஸ் ரோட்டில் ஒரு சுற்று விட்டுக் கையெழுத்துக்கு உட்கார வைப்பது வழக்கம். திங்கட்கிழமை மாலை ஆறரை மணிக்கு அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரை ஓட்டிப் பார்க்கக் கொடுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் வீட்டில் ஒருவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு. தயங்கினால் அடுத்த ஷோரூமில் கேளுங்கள், சி.டி.எச். ரோட்டில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.